இல்லாத மூக்குக்கண்ணாடி

நவம்பர் 4, திங்கள்

இன்று அம்மா விமானத்தின் ஒரு துண்டை டிபன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மோர் பாட்டிலுக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே அது மடங்கிக் கிடந்தது. மஞ்சள் நிறத்தில், அழுத்தினால் வளைகிற ஒரு கப். தலையில் மாட்டிக்கொள்ள ஒரு வெள்ளை எலாஸ்டிக் பட்டை. கப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை, பையிலிருந்து நீளமாக ஒரு குழாய்.

விமானம் உயரத்தில் போகும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணியின் தலைக்கு மேலே ஒரு சின்னக் கதவு திறந்து இது விழும். அவசர ஆக்சிஜன் முகமூடி. அதைக் கீழே இழுத்து, மூக்கும் வாயும் மூடும்படி வைத்துக்கொண்டு, மூச்சு விட வேண்டும். அம்மாவின் கம்பெனி இதுவரை ஆஸ்பத்திரி முகமூடிகள்தான் செய்தது. விமானத்துக்குச் செய்வது இதுவே முதல் தடவை. அதை வடிவமைக்கிற வேலையை அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அதைக் கையில் வாங்கிக் குனிந்து பார்த்தேன்.

"கண்ணாடிய மேல தள்ளு மக்களே, உளுந்திரப் போகுது" என்றாள் அம்மா. ஓசூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியும் அவளுடைய நாகர்கோவில் பேச்சு அப்படியே இருக்கிறது; நான் ஒருத்திதான் என்றாலும் 'மக்களே'தான். என் மூக்குக்கண்ணாடி எப்போதும் வழுக்கும். எங்கள் குடும்ப மூக்கு அப்படி.

பழைய முகமூடிகள் எல்லாம் வட்டமானவை. அதில் ஒரு சிக்கல் என்றாள் அம்மா. "ஜனங்க வாய மட்டும் மூடுதாங்க. மூக்கு வெளிய நிக்குது. பதட்டத்துல மூக்கு ஞாபகம் வராது." அதனால் அம்மாவின் கப் வட்டமாக இல்லை. மேல்பக்கம் குறுகி, மூக்குக்கென்று ஒரு மேடு உண்டு. பார்த்தால் முந்திரிப்பழம் போலிருக்கிறது.

அவளுடைய மேலதிகாரி ராவ் சாருக்கு அது பிடிக்கவில்லை. "வட்டத்துக்குத் தலைகீழ் கிடையாது ரீத்தா, உங்க கப்புக்கு உண்டு" என்றாராம்.

காற்று குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அரை நிமிசத்துல புத்தி மங்கிரும். ஆனா மங்குனது நமக்குத் தெரியாது. ரொம்ப நல்லா இருக்கது மாதிரி தோணும். சில பேருக்குச் சிரிப்புகூட வரும். அதான் பயம்."

இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

அம்மாவின் கப்பைச் சோதிக்கப் போகிறார்கள். கம்பெனியில் ஒரு அறைக்குள் விமான இருக்கைகளை வரிசையாகப் போட்டு, மேலே கதவு வைத்திருக்கிறார்கள். ஆட்களை உட்கார வைத்து, ஒன்றும் சொல்லாமல், திடீரென்று முகமூடியை விழ விடுவார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வீடியோ எடுப்பார்கள். வருகிறவர்கள் விமானத்தில் ஏறியே இருக்கக் கூடாது. இந்த முகமூடியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

"நானும் வரவா?" என்றேன்.

"நீ எல்லாம் தெரிஞ்சவ. நீ ஒதவமாட்ட."

தெரிந்திருப்பதற்காக என்னை ஒரு தேர்விலிருந்து ஒதுக்கியது இதுதான் முதல் முறை. கொஞ்சம் கோபமாகச் சொன்னேன்: "தெரியாம போய்ப் பரீட்சை எழுதினா எல்லாரும் பெயிலாவாங்கம்மா."

"பரீட்சை எழுதுறது ஆளு இல்ல மக்களே. கப்பு. ஆளுக்கு ஒண்ணும் தெரியலன்னா அதுவே சொல்லிக்குடுக்கணும். அதுக்குத்தான் அதுக்கு மார்க்."

புரிந்தது என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

பதினாறாம் தேதி சனிக்கிழமை நடக்கும் சோதனைக்குப் பிள்ளைகளை அனுப்ப எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் சம்மதித்துவிட்டார். பிளஸ் ஒன் மாணவிகளில் விருப்பமுள்ளவர்கள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வந்தால் போகலாம். பெயர் சேர்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். "ஜெபிஷா சரியாகச் செய்வாள்" என்று வகுப்பு முன்னால் சொன்னார்.

ருக்சானா முதலில் கை தூக்கினாள். அவள் என் உயிர்த்தோழி; நான் எதற்குக் கை தூக்கினாலும் அவளும் தூக்குவாள். பிறகு பாதி வகுப்பு. கடைசி பெஞ்சிலிருந்து முனிலட்சுமி எழுந்து, "ஜன்னல் சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டாள். நிஜமாகவே விமானத்தில் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முனிலட்சுமி பாகலூர் தாண்டி ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். காலையில் ரோஜாத் தோட்டத்தில் பூப் பறித்துவிட்டு வருவதால் பாதி நாட்கள் முதல் பீரியடுக்குத் தாமதமாகத்தான் வருவாள். அவள் விரல்களில் எப்போதும் முள் கீறிய கோடுகள் இருக்கும். இயற்பியல் கேள்வியை அவள் படித்து முடிப்பதற்குள் நான் விடை எழுதி முடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

அவள் பெயரை எழுதும்போது, இவள் வந்தால் அம்மாவின் கப் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். ஆனாலும் எழுதினேன்.

நவம்பர் 11, திங்கள்

அப்பா மஸ்கட்டிலிருந்து பேசினார். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

அம்மா கப்பைப் பற்றிச் சொன்னதும் அப்பா சிரித்தார். "நான் எத்தன தடவ பிளைட்டுல வந்திருக்கேன். அந்தப் பொண்ணு நின்னு முகமூடி போட்டுக் காட்டும். அப்பத்தான் நான் ஷூவக் கழட்டிக்கிட்டு இருப்பேன். இதுவரைக்கும் பார்த்ததே இல்ல ரீத்தா."

அம்மா சிரிக்கவில்லை. "ஒங்களுக்காகத்தான் செய்யுதேன்" என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய் மெதுவாகப் பேசினாள். சனிக்கிழமை சரிவராவிட்டால் ராவ் சார் வட்டக் கப்பையே முடிவு செய்துவிடுவார். அம்மாவின் ஒரு வருட வேலை அலமாரிக்குப் போய்விடும். நான் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். காதில் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.

நவம்பர் 13, புதன்

வேதியியல் தேர்வு. நன்றாக எழுதினேன். அம்மா சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். ஆசிரியைகள் நாடகம் போட்டார்கள். சிஸ்டர் போலீஸாக வந்தார்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தேர்வுக்கு முன்னாலும் மதிய இடைவேளையில் நான் கரும்பலகை முன்னால் நின்று, எது வரும், எதைப் படித்தால் போதும் என்று சொல்வேன். ஆசிரியைகளுக்கும் தெரியும், அதனால்தான் எங்கள் வகுப்பில் யாரும் தோற்பதில்லை என்பார்கள்.

இன்றும் சூழ்ந்துகொண்டார்கள். "சனிக்கிழமை அங்க என்னடி கேப்பாங்க? இம்பார்டன்ட் மட்டும் சொல்லு ஜெபி" என்றாள் ருக்சானா. கேள்வியெல்லாம் கிடையாது என்றேன். "ஒண்ணுமே பார்க்காம யாராவது டெஸ்டுக்குப் போவாங்களா?" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

நான் 'மூக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். முனிலட்சுமி அங்கே இல்லை. நாடகம் முடிந்ததும் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது.

இன்று எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. வழியெல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அம்மா, "மேசையில வச்ச கப்பப் பாத்தியா?" என்று தேடினாள். அங்கேதான் இருக்கும் என்றேன். அப்போது அங்கேதான் இருந்தது.

நவம்பர் 16, சனி

சோதனை நடந்தது. வேனில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. வாசலில் வாட்ச்மேன் அறையில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்கள். புத்தகம் கொண்டுபோயிருந்தேன், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தார்கள். ருக்சானா வெளியே வந்து என் காதில், "சென்டம்" என்றாள். அடுத்தவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

கடைசியில் முனிலட்சுமி. உள்ளே போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தலை குனிந்திருந்தாள். சோதனை அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ருக்சானா சொன்னாள்: முகமூடி விழுந்ததும் முனிலட்சுமி கப்பை வாயில் மட்டும் வைத்துக்கொண்டு, மூக்கு வெளியே தெரிய, அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். போதும் என்று அவர்களே சொல்லும்வரை அப்படியே.

திரும்பும்போது வேனில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வாய்மூடி. "வாய்மூடி, இறங்குற எடம் வந்தா சொல்லு. ஓ, சொல்ல முடியாதுல்ல." அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்பெனியில் கொடுத்த பிரியாணிப் பொட்டலம் மடியில் பிரிக்காமல் இருந்தது.

நான் யாரையும் அடக்கவில்லை. எனக்குத் தலைவலி.

அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள். அவள் பாடி நான் கடைசியாகக் கேட்டது போன கிறிஸ்துமஸில்.

நவம்பர் 18, திங்கள்

முனிலட்சுமி முதல் பீரியடுக்கு முன்பே வந்துவிட்டாள். செய்தித்தாளில் சுற்றிய ரோஜாப்பூக்களை என்னிடம் நீட்டினாள். நல்ல சிவப்பு, கடைக்குப் போகிற ரகம்.

"உங்கம்மாகிட்ட குடு. என்னால அவங்களுக்குக் கெட்ட பேரு வந்திருக்கும். வேணும்னு செய்யலன்னு சொல்லு."

வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு, பள்ளி வாசலில் இருக்கிற மாதா சிலை முன்னால் வைத்தேன். மாதாவுக்குப் பூ வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 20, புதன்

அடுத்த திங்கட்கிழமை மோல்டு செய்ய ஆர்டர் கொடுக்கிறார்கள். மோல்டு என்பது உலோக அச்சு. அதைச் செய்துவிட்டால் பிறகு அந்த வடிவத்தில்தான் ஆயிரம் ஆயிரமாகக் கப் வார்ப்பார்கள், மாற்ற முடியாது.

அம்மா போனில் ராவ் சாரிடம் பேசுவதைக் கேட்டேன். ஸ்பீக்கரில் இருந்தது.

"அந்த ஒரு பொண்ணு பயந்துடுச்சும்மா. அத விட்டுடலாம், ரிப்போர்ட் க்ளீனா இருக்கும்."

"பயந்தவங்கதான சார் பிளைட்டுல இருப்பாங்க?"

"உங்க கப்பு ஜெயிச்சிருக்கு. நானே ஒத்துக்கறேன். இன்னும் என்ன?"

"இன்னொரு தடவ வீடியோ பாத்துட்டுச் சொல்லுதேன் சார்."

எனக்குப் பசிக்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

அம்மா சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பைத் திறந்துவைத்து, "இங்க வா மக்களே" என்றாள்.

வீடியோவில் சத்தம் இல்லை. ருக்சானா இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மேலே கதவு திறந்தது, மஞ்சள் கப் விழுந்து முகத்துக்கு முன்னால் ஆடியது. ருக்சானா வலது கை ஆள்காட்டி விரலால் மூக்கின் மேல் எதையோ மேலே தள்ளினாள். பிறகு கப்பைப் பிடித்து இழுத்து, மேட்டை மூக்கில் பொருத்தி, பட்டையை மாட்டினாள்.

அடுத்தவள். கப் விழுந்தது. ஆள்காட்டி விரலால் மூக்கின் மேல் எதையோ தள்ளினாள். கப்பைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்தவள். அதற்கடுத்தவள்.

"ருக்சானா கண்ணாடி போடுவாளா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"இந்தப் பிள்ள?"

"இல்லம்மா."

"இது?"

யாரும் போடுவதில்லை. இல்லாத கண்ணாடியை எல்லோரும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட விடவில்லை. முனிலட்சுமி மட்டும் எதையும் தள்ளவில்லை. அவள் கப்பைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாங்கினாள், வாயில் வைத்தாள். பிறகு அறைக்குள் யாராவது ஏதாவது சொல்வார்களா என்பதுபோல் கண்களை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது என் கண்ணாடி வழுக்கியது. நான் நினைப்பதற்குள் என் கை தானாக மேலே போய் அதைத் தள்ளியது.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரசம் வச்சிருக்கேன். ஆறதுக்குள்ள சாப்பிடு" என்று எழுந்துபோனாள்.

நவம்பர் 22, வெள்ளி

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம்.

நவம்பர் 23, சனி

அம்மா இன்றும் கேட்கவில்லை. துணி மடித்தோம். போர்வையின் இரண்டு முனையை அவள் பிடித்தாள், இரண்டு முனையை நான். மடிக்க மடிக்க இரண்டு பேரும் நெருங்கி வர வேண்டியிருந்தது. நான் கீழேயே பார்த்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பூசைக்குப் போனோம். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தபோது வரிசையை விட்டு வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது எளிது. அவருக்கு முகமூடி பற்றி எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பதினான்காம் தேதி நான் எழுதியது உண்மையில்லை.

நான் ஒரு சொல் மட்டும் சொல்லவில்லை. கப்பைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். கரும்பலகைக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டு, எப்படி விழும், எப்படி இழுக்க வேண்டும், மேடு எந்தப் பக்கம் என்று செய்து காட்டினேன். ஒவ்வொருத்தியையும் செய்ய வைத்தேன். சரியாக வரும்வரை விடவில்லை. செய்து காட்டும் ஒவ்வொரு முறையும் என் கண்ணாடி வழுக்கியிருக்கிறது, நான் தள்ளியிருக்கிறேன். அதையும் பாடம் என்று நினைத்து அவர்கள் சேர்த்துப் படித்துவிட்டார்கள்.

முனிலட்சுமி கிளம்பிவிடவில்லை. பாதியில் வந்து வகுப்பு வாசலில் நின்றாள், தோளில் பையோடு. உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரும்பி, கரும்பலகையை அழித்துவிட்டு, கப்பைப் பையில் வைத்தேன். இவளுக்குப் புரிய வைப்பதற்குள் மணி அடித்துவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அம்மா மீனை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"நீங்க ஜெயிக்கணும்னுதாம்மா."

"ஒங்கப்பா வர்ற பிளைட்டுல இந்தக் கப்பு விழுதுன்னு வச்சுக்க. ஒங்கப்பாவுக்கு நீ சொல்லிக்குடுக்கல. பக்கத்து சீட்டுல இருக்கவங்களுக்கும் சொல்லிக்குடுக்கல. அந்தப் பிளைட்டுல இருக்க எல்லாரும் முனிலட்சுமிதான். வெளங்குதா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முன்னாலேயே ராவ் சாருக்குப் போன் செய்தாள். மீன் வாசனை போகாத கையில் போன்.

"சார், அந்த டெஸ்டு செல்லாது. பிள்ளைங்களுக்கு முன்னாலேயே சொல்லிக்குடுத்திருக்கு. என் வீட்லருந்து நடந்த தப்பு."

ஸ்பீக்கரில் அவர் ஏதேதோ பேசினார். கடைசியில், "நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப் போகுது ரீத்தா?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்" என்றாள் அம்மா.

மோல்டு ஆர்டர் நாளைக்குப் போகாது. மதியம் மீன் குழம்பு. யாரும் நன்றாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 25, திங்கள்

அம்மா என்னுடன் பள்ளிக்கு வந்து சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "உன்னை நம்பித்தானே கொடுத்தேன்" என்று மட்டும் கேட்டார். வகுப்பில் நானே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன்.

இடைவேளையில் ருக்சானா வந்தாள். "உங்கம்மா பாஸாகணும்னுதான எங்களப் படிக்க வச்சே? இப்ப சிஸ்டர் எங்க எல்லாரையும் ஏமாத்துக்காரி மாதிரி பாக்குறாங்க. நீ போய் நல்ல பேரு வாங்கிட்ட." போய்விட்டாள்.

நல்ல பேர் எங்கே வாங்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் எல்லோரும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் ஆள்காட்டி விரலால் மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் முனிலட்சுமியிடம் போனேன்.

"உன்னைத் தவிர எல்லாருக்கும் நான் சொல்லிக்குடுத்திருந்தேன். அதனாலதான் உனக்கு வரலை."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"வாசல்ல நின்னேனே. நீ பார்த்தியே."

பஸ் வரவில்லை. எதிரே கரும்புச்சாறுக்காரர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் பூ கொண்டுவந்தே?"

"நீ சொல்லல, அது வேற. ஆனா தப்பா செஞ்சது நான்தான. உங்கம்மா எங்ககிட்ட நல்லா பேசுனாங்க. உள்ள போறப்ப எனக்குத் தண்ணி குடுத்தாங்க." பிறகு கேட்டாள்: "பூவப் பார்த்து என்ன சொன்னாங்க?"

அதையும் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் வந்ததும் முன்பக்கமாக ஏறிப் போய்விட்டாள். நானும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.

நவம்பர் 27, புதன்

அம்மா சிஸ்டரிடம் கேட்டு, முனிலட்சுமியை வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தாள். டீயும் முந்திரிக்கொத்தும் கொடுத்தாள். முனிலட்சுமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் அடுக்களையில் நின்றேன், கதவு திறந்திருந்தது.

"அன்னிக்கு அது விழுந்தப்ப ஒனக்கு என்ன தோணிச்சு? எதுவானாலும் சொல்லு மக்களே. தப்பே கெடையாது."

"சிரிப்பீங்க."

"சிரிக்க மாட்டேன்."

"கப்புக்குக் கீழ பை தொங்கிச்சா. தண்ணி பாக்கெட்டுன்னு நெனச்சேன் ஆன்ட்டி. குடிக்கக் குடுக்குறாங்கன்னு வாயில வச்சேன். தண்ணி வரல. எப்ப வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, "தண்ணி பாக்கெட்" என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து கப்பை எடுத்துவந்து தூக்கிப் பிடித்தாள். நானும் அடுக்களையிலிருந்து பார்த்தேன். அது தண்ணீர் பாக்கெட் போலத்தான் இருந்தது. இத்தனை நாள் மேசையில் கிடந்தும் எனக்கு அது தெரியவில்லை.

முனிலட்சுமியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, அல்லது கவனித்ததில்லை.

"ஒன் பூவ நான் பாக்கல" என்றாள் அம்மா, வழியனுப்பும்போது. "பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பேன்."

இதை என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள்.

நவம்பர் 30, சனி

இரண்டாவது சோதனை. இந்த முறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. பஸ் நிலையக் கடைக்காரர்கள், தையல் வேலைக்குப் போகிற பெண்கள், ஒரு புரோட்டா மாஸ்டர். எனக்கு யார் பெயரும் தெரியாது. நான் வீட்டில் பூண்டு உரித்தேன். அம்மா உரிக்கச் சொல்லவில்லை.

அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது.

"பாதிப் பேரு தலைகீழா மாட்டிக்கிட்டாங்க. மூக்கு மேட்ட தாடையில வச்சிக்கிட்டு. மிச்சப் பேர்ல பாதி வாய மட்டும் மூடுனாங்க." சோபாவில் உட்கார்ந்தாள். "ராவ் சார் சொன்னதுதான் சரி. வட்டத்துக்குத் தலைகீழ் கெடையாது."

அம்மாவின் கப் வராது. வட்டக் கப்தான். அதை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் செய்து, பையைக் குடிக்கிற பொருளாகத் தெரியாதபடி மாற்ற அம்மாவுக்கு இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் தண்ணீர் பாக்கெட் என்றே எழுதிவிட்டாளாம். ராவ் சார் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லையாம்.

"அன்னிக்கு உங்ககிட்ட நான் உண்மையைச் சொல்லாம இருந்திருந்தா?" என்றேன்.

அம்மா பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "நான் ஜெயிச்சிருப்பேன்" என்றாள்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

அரையாண்டுத் தேர்வு வருகிறது. யாரும் என்னிடம் எது வரும் என்று கேட்கவில்லை. மதியம் கரும்பலகை காலியாக இருந்தது.

அம்மாவுக்கு வேலை அதிகம்; சில நாள் ஸ்கூட்டரில் கூட்டிப்போவதும் நின்றுவிட்டது, தினமும் பஸ். இன்று சரியான கூட்டம். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் பள்ளிக் கண்காட்சிக்கு வரைந்த சார்ட்டுகளின் சுருள். பின் வாசலில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னைப் பார்த்து மூக்கைத் தள்ளிச் சிரித்தார்கள். முனிலட்சுமி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கூட்டம் தள்ளியதில் வந்தவள், நகர இடமில்லை. இத்தனை நாளில் அவள் மட்டும் அப்படிச் செய்ததில்லை. அதை நான் கவனித்திருந்தேன்.

பஸ் வளைவில் திரும்பியபோது என் கண்ணாடி வழுக்கி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. தள்ளக் கை இல்லை. இருந்திருந்தாலும் தள்ளியிருக்க மாட்டேன். ஒரு வாரமாக யார் முன்னாலும் நான் அதைத் தள்ளுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் மங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு குலுக்கலில் அது விழுந்துவிடும் என்று தெரிந்தது.

முள் கீறிய ஒரு விரல் வந்து அதை மேலே தள்ளியது.

பின்னாலிருந்த சிரிப்பு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். முனிலட்சுமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேங்க்ஸ்" என்றேன்.

"நான் இன்னும் உங்கூடப் பேசல" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். மெதுவாகத்தான் ஆட்டினேன், கண்ணாடி அவள் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டுமென்று.